அலபாமா பக்கம் வந்துவிடு

பெல் ஃபெரி, அலபாமா
பிப்ரவரி 7, 1988

அக்கரையில் இருக்கும் தங்கை ட்வைலாவுக்கு, இக்கரையிலிருந்து மிகுந்த அக்கறையோடு அண்ணன் ஹார்லன் எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் நலம். அங்கே நலமா என்று கேட்கவில்லை. ஜார்ஜியாவில் இருப்பவளிடம் நலம் விசாரிப்பது மரியாதை இல்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் உனக்குப் பதினாலு வயது ஆகிறது. நீதிபதி உன்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, 'அம்மாகிட்ட இருக்கியா, அப்பாகிட்ட போறியா?' என்று கேட்பார். நீ சொல்வதுதான் முடிவு. இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னைக் கேட்டபோது நான் அப்பா என்றேன். அவரோடு ஆற்றைத் தாண்டி அலபாமா வந்தேன். ஒரு மாநிலத்துக்கு ஒரு பிள்ளை என்று அவர்கள் பங்கு பிரித்து வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாம் என்ன சோபாவும் நாயுமா?

நீ குழம்பிவிடுவாய் என்று தெரியும். ஐஸ்கிரீம் கடையிலேயே குழம்புகிற ஆள் நீ. அதனால் இரண்டு மாநிலங்களையும் நானே தராசில் வைத்துவிட்டேன்; நீ முடிவைப் படித்தால் போதும்.

உங்களிடமும் பீச் இருக்கிறது, எங்களிடமும் பீச் இருக்கிறது. உங்கள் பீச்சில் கொட்டை இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் புழுவும் இருக்கும். எங்கள் பீச்சில் அலை இருக்கும், சர்க்கரை மாதிரி வெள்ளை மணல் இருக்கும். ஜார்ஜியாவுக்கும் கடல் உண்டே என்பாய். போய்ப் பார்த்தேனே. சேற்றுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

இன்னொன்று சொல்கிறேன், இது உங்கள் ஆளுநர் நினைத்தாலும் தர முடியாதது. பாலத்தைத் தாண்டி அலபாமாவில் கால் வைத்ததும் உனக்கு ஒரு மணி நேரம் இனாம். அங்கே நாலு என்றால் இங்கே மூன்று. ஆனால் எங்கள் பெல் ஃபெரியில் பாதிப் பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மில்லில் வேலை பார்ப்பதால் ஜார்ஜியா கடிகாரப்படிதான் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். அதற்கு வேக மணி என்று பெயர். பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், பஸ் எல்லாம் அலபாமா கடிகாரம். அது மெது மணி. யாராவது ஏழு மணிக்கு வா என்றால், 'வேகமா, மெதுவா?' என்று கேட்காதவன் வெளியூர்க்காரன்.

இப்படி ஓர் ஊரில் என்னைப் போன்ற ஒருவனை விட்டு வைத்தது கடவுளின் தவறு. ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு பாப்டிஸ்ட் சபையும் மெதடிஸ்ட் சபையும் ஒரே நேரத்தில் முடியும்; யார் முதலில் ஓடுகிறார்களோ அவர்களுக்குத்தான் மேரிபெல் உணவகத்தில் பொரித்த கோழி. போன ஞாயிறு காலையில் பாப்டிஸ்ட் கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளிவிட்டேன். போதகர் டிட்வெல் நரகத்தைப் பற்றி நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தட்டில் கழுத்துகள் மட்டும் மிச்சம். வாசலில் சபை மூப்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இது எந்தப் பிசாசோட வேலைடா?" என்றார். "மெதடிஸ்ட் பிசாசா இருக்கும் ஐயா," என்றேன்.

யோசித்துப் பார். மே மாதம் அதிக தூரத்தில் இல்லை.

உன் ஒரே அண்ணன், கையிருப்பில் வேறு கிடையாது,
ஹார்லன்


மார்லோ, ஜார்ஜியா
பிப்ரவரி 20, 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் கோழிக் கழுத்து வரை வாசித்துக் காட்டினேன். சிரித்தார்கள். மற்றதை மடித்து வைத்துக்கொண்டேன்.

நீ ஜார்ஜியாவை ரொம்ப ஏசியிருக்கிறாய். பூச்சியை மட்டும் எப்படி மறந்தாய் என்று தெரியவில்லை. மார்ச் வந்துவிட்டால் கண்ணுக்கு முன்னால் மேகம் மாதிரி பறக்கும். இங்கே எல்லோரும் வாயின் ஓரத்தால் 'ஃபூ' என்று ஊதிக்கொண்டேதான் பேசுவார்கள். கையால் விரட்டினால் வெளியூர் என்று தெரிந்துவிடும். போன வருடம் கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபம் செய்தபோது, "ஆண்டவரே, ஃபூ, இந்த ஆத்துமாவை, ஃபூ" என்றார். நான் அழ வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டேன். நீ என் பக்கத்தில் இருந்திருந்தால் நமக்குச் சபையே தடை ஆகியிருக்கும்.

ஆனால் அண்ணா, எனக்கு இந்த ஊர் பிடித்துப்போயிருக்கிறது. வாத்தியக் குழுவில் கிளாரினெட்டில் என்னை இரண்டாவது வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு மாற்றியிருக்கிறார்கள். என் ஜன்னலைத் திறந்தால் பீச் தோட்டம். பூத்தால் அறைக்குள்ளேயே ரோஜா நிற வெளிச்சம் வரும். மிஸ்டர் ஸ்டப்ஸ் அதிகம் பேசமாட்டார். அம்மாவைக் கட்டிக்கொண்டவர் என்பதைத் தவிர அவரிடம் எனக்கு வேறு குறை இல்லை. 'நான் அங்கே வரட்டுமா' என்று நீ கேட்டபோது அம்மா, "வீட்ல இருக்கிறது ஒரு அறைதானே கண்ணு, அவர் ஒத்துக்கமாட்டாரே" என்று சொன்னதில் உனக்கு இன்னும் கோபம் என்று தெரியும். அம்மாவுக்கும் அதில் வருத்தம்தான்.

அப்பா எப்படி இருக்கிறார்? கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. டிரக் பழுது என்றாய். அவர் கையெழுத்தைப் பார்த்து வருடம் ஆகப்போகிறது. போன் செய்தால் இணைப்பு இல்லை என்று வருகிறது.

ஈஸ்டர் விடுமுறைக்கு நான் வரட்டுமா? நீ சொன்ன வெள்ளை மணலைக்கூடக் காட்ட வேண்டாம். உங்கள் இரண்டு பேரையும் பார்த்தால் போதும்.

உன் அன்புத் தங்கை,
ட்வைலா


பெல் ஃபெரி, அலபாமா
மார்ச் 2, 1988

முதல் வரிசைத் தங்கைக்கு, கடைசி வரிசை அண்ணன் எழுதுவது.

போன் விஷயம் என் குற்றம். வேட்டைக் கடைக்குப் போன் செய்து, "உங்ககிட்ட உயிருள்ள வாத்து இருக்கா? இருந்தா, என்னோடதைத் திருப்பிக் குடுங்க, ரெண்டு நாளா காணோம்" என்று கேட்டேன். மூன்று ஊர்க் கடைகளில் கேட்டேன். அப்பா கம்பியைப் பிடுங்கிவிட்டார்.

அப்பா நன்றாக இருக்கிறார். மில்லில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். மனிதர் இப்போது உட்கார்ந்தே இருக்கிறார், ராஜா மாதிரி. எழுதச் சொன்னால், 'நீதான் வக்கீல் மாதிரி எழுதறியே, நீயே எழுது' என்கிறார். கண்ணாடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு வருவதைப் பற்றி. வேண்டாம். ஒரு மாநிலத்தைப் பார்க்க வருவது வேறு, இருக்க வருவது வேறு. பார்க்க வருகிறவனுக்குக் கிடைப்பது பட அஞ்சலட்டை. ஜார்ஜியா பார்ப்பதற்கு லாயக்கு: ஒரு பெரிய கல் இருக்கிறது, நடுவில் கோடு போட்ட பெரிய ரோடுகள் இருக்கின்றன, அட்லாண்டா நெரிசலில் நின்றுகொண்டு, எங்கேயும் போக வழி இல்லை என்று ரசிக்கலாம். அலபாமா இருப்பதற்கு. வெள்ளிக்கிழமை இரவு பள்ளிக்கூடத்து ஃபுட்பாலுக்கு ஊரே வரும். பல் இல்லாதவர்கள்கூட நடுவரைப் பல்லைக் கடித்துத் திட்டுவார்கள். இங்கே யாரும் உன்னை 'என்ன வேலை செய்யறாங்க உங்க வீட்ல' என்று கேட்கமாட்டார்கள்; ஆபர்னா அலபாமாவா, எந்த அணி என்று மட்டும் கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டால் பாதி ஊர் உனக்குச் சொந்தம், மீதி ஊர் உனக்கு எதிரி. அதைவிடச் சுலபமான வாழ்க்கை உண்டா? நீ வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினால், சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் ஆடுவதும் குளியலறைக் கதவு சாத்தாததும்தான் தெரியும். நாளைக்கு நீதிபதியிடம் கதவைப் பற்றிப் பேசுவாய்.

இன்னொன்று. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அம்மா அப்பாவுக்கு எழுதியிருந்தார்கள். இந்தக் கோடையில் உன்னை இங்கே அனுப்பி வைக்கலாமா என்று. மிஸ்டர் ஸ்டப்ஸுக்கு உன் கிளாரினெட் சத்தம் தலைவலியாம். 'பன்றி மூக்கை வேலியில மாட்டிக்கிட்ட மாதிரி' என்றாராம். அம்மாவிடம் கேட்காதே. பாவம், மறைக்கத்தான் பார்ப்பார்கள்.

உன் நலம் விரும்பி, நலம் மட்டுமே விரும்பி,
ஹார்லன்


மார்லோ, ஜார்ஜியா
மார்ச் 19, 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

கேட்கவில்லை. நீ சொன்னபடி அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது பயிற்சியைப் பழம் அடுக்கும் கொட்டகையில் வைத்துக்கொள்கிறேன். போன வாரம் மிஸ்டர் ஸ்டப்ஸ் அங்கே வந்து, "வீட்ல வாசிக்கறது இல்லையா இப்போ?" என்றார். நல்லபடியாகத்தான் கேட்டார். நான், "இங்க எதிரொலி நல்லா இருக்கு சார்," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று இரவு முழுக்க யோசித்தேன். உனக்கு ஒன்று தெரியுமா, அண்ணா? ஒருவர் நம்மைப் பற்றி அப்படிச் சொன்னார் என்று தெரிந்த பிறகு, அவர் கதவைச் சாத்தும் சத்தம்கூட நம்மைச் சொல்வது மாதிரியே கேட்கிறது.

தோட்டம் பூத்துவிட்டது. இந்த வருடம் அவ்வளவாகப் பார்க்கத் தோன்றவில்லை.

அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல். அவருக்கு நான் வருவது பிடிக்குமா? நீ சொல்ல வேண்டாம். அவர் சொல்வதை அப்படியே எழுது.

உன் அன்புத் தங்கை,
ட்வைலா


பெல் ஃபெரி, அலபாமா
மார்ச் 27, 1988

அன்புள்ள ட்வைலாவுக்கு,

அப்பாவிடம் கேட்டேன். மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கெளுத்தி. கத்தியைக் கீழே வைத்தார். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்:

"அவ இல்லாம வீட்ல ஒரு நாற்காலி சும்மாவே கிடக்குடா. நான் அதுல யாரையும் உக்காரவிடறதில்ல. வந்தா வரட்டும், வரலைன்னா நாற்காலி கிடக்கட்டும். கட்டாயப்படுத்தாத."

அவ்வளவுதான். பிறகு மீனைப் பார்க்கக் குனிந்துகொண்டார். வெங்காயம் இல்லாமலே கண் கலங்கினதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

கோடையில் நாம் மூன்று பேரும் டிரக்கில் தெற்கே கடலுக்குப் போகிறோம். மொபீல் நகரம் வழியாக. அங்கே நண்டு வாங்கி, அப்பா கூடாரம் அடிப்பார், நான் உன் படுக்கையில் ஒரு நண்டை விடுவேன். இப்போதே சொல்லிவிட்டேன், அப்புறம் கத்தக் கூடாது.

நீதிபதி முன்னால் அழாதே. அழுதால், குழந்தைக்குத் தெளிவில்லை என்று எழுதிவிடுவார்கள். நேராகப் பார்த்து, 'அப்பா' என்று ஒரே சொல். எனக்கு அப்படித்தான் வேலை முடிந்தது.

ஹார்லன்


மார்லோ, ஜார்ஜியா
மே 27, 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

முடிந்துவிட்டது. நேற்று.

நீதிபதி வயதானவர், இருமல் மிட்டாய் வைத்திருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். "அலபாமாவுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"எங்க அப்பா இருக்காரு, அண்ணன் இருக்கான் சார்."

"அவங்களை எப்போ பார்த்தே?"

மிட்டாயை வாயின் மறுபக்கம் தள்ளினேன். "வீடு எப்படி இருக்கும்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"ஒரு நாற்காலி இருக்கு," என்றேன்.

அவருக்குப் புரிந்திருக்காது.  பிறகு, இதை மறுபடி மாற்றுவதென்றால் இரண்டு வருடம் ஆகும், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அழவில்லை.

வெளியே அம்மா பெஞ்சில் இருந்தார்கள். சொன்னேன். அவர்கள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தார்கள், அது சரியாகத்தான் இருந்தது. "நான் உனக்கு என்னடி செஞ்சேன்?" என்று மட்டும் கேட்டார்கள். திரும்பும் வழியில் மிஸ்டர் ஸ்டப்ஸ் வண்டியை நிறுத்தி எனக்கு வேகவைத்த நிலக்கடலை வாங்கிக்கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, இவர் ஏன் இப்போது நல்லவராக இருக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

ஜூன் 11, சனிக்கிழமை வருகிறேன். அம்மா அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்கிறார்கள், பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். பஸ் மூன்று மணிக்கு பெல் ஃபெரி சேரும் என்று சீட்டில் இருக்கிறது. நீ வந்து நில். எனக்கு வழி தெரியாது.

வாத்தியக் குழுவில் எனக்கு ஒரு கேக் வெட்டினார்கள். அதில் 'அலபாமா' என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள். நீ இருந்திருந்தால் அதையே ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பாய்.

உன் அன்புத் தங்கை,
ட்வைலா


பெல் ஃபெரி, அலபாமா
ஜூன் 3, 1988

அன்புள்ள ட்வைலாவுக்கு,

சபாஷ். நம் பெட்டிஸ் குடும்பத்து முதுகெலும்பு உனக்கும் வந்திருக்கிறது.

மூன்று மணிக்கு பஸ் நிறுத்தத்தில் இருப்பேன். சத்தியம். தபால் ஆபீஸுக்கு எதிரே, குளிர்பான இயந்திரம் பக்கத்தில். வீடு அங்கிருந்து நேரே, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பச்சைக் கதவு. சாவி தேவையில்லை, கதவு திறந்தேதான் இருக்கும்.

பெரிய பெட்டி வேண்டாம்.

ஹார்லன்


மார்லோ, ஜார்ஜியா
ஜூன் 12, 1988

தங்கை ட்வைலாவுக்கு, அண்ணன் ஹார்லன் எழுதுவது.

மேலே இருக்கும் ஊரின் பெயரை இன்னொரு முறை படி. ஆமாம். உன் மேசையில்தான் எழுதுகிறேன். ஜன்னல் நீ சொன்ன மாதிரியேதான் இருக்கிறது; பழம் பழுத்துவிட்டது.

மூன்று மணிக்கு நிற்பேன் என்றேன், நின்றேன். வேக மணிப்படி. நீ வந்தது மெது மணிப்படி. நடுவில் இருந்த ஒரு மணி நேரத்தில் ஜார்ஜியா பஸ் ஒன்று வந்தது, ஏறிவிட்டேன். பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில் உன் பஸ் எதிரே வந்தது. நீ ஜன்னலோரம், மடியில் கிளாரினெட் பெட்டி. நான் குனிந்துகொண்டேன். ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது என்று எழுதிக்கொள்.

இதற்குள் வீட்டைப் பார்த்திருப்பாய். அப்பாவையும். போன அக்டோபரில் இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை. மில் வேலை அதற்கு முன்பே போய்விட்டது. கண் ஆள் அடையாளம் தெரிகிற அளவுக்குத்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார், நானும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் நல்ல பிள்ளை.

வேலைகள்: காலையில் ஊசி, ஃப்ரிட்ஜ் மேல் தட்டில். அவரே போட்டுக்கொள்வார், அளவுக் கோட்டை நீ பார்க்க வேண்டும். காலில் போட்டிருக்கும் கட்டு மாற்றும்போது மூச்சை வாய் வழியாக இழு, மூக்கை நம்பாதே. தட்டை எறிவார், அதனால்தான் எல்லாம் பிளாஸ்டிக். ராத்திரி என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தண்ணீருக்கு இருக்காது, சும்மா கூப்பிடுவார். போகாமல் இருந்துபார், முடியாது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் இருக்கிறதே தவிர நான் பாதி நாள் இல்லை. இரண்டு வருடம். இப்போது உன் முறை.

உன் நீதிபதி வேலை முடிந்தது என்று கடிதம் வந்த அன்றே தெருமுனைப் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். "அறை காலிதானே?" என்றேன். அம்மா அழுதுகொண்டே, "வாடா" என்றார்கள். உன்னிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவர்கள் வாயை அடைத்தேன். அப்பா ஒரு கைத்தடியோடு நடமாடுகிறார் என்று நினைக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் வந்திருப்பாயா? நானாக இருந்தால் வந்திருக்கமாட்டேன்.

கிளாரினெட் விஷயம் சும்மா சொன்னது. அம்மா கடிதம் எதுவும் போடவில்லை. மிஸ்டர் ஸ்டப்ஸ் நேற்று, "அந்தப் பொண்ணு வாசிக்கறது இல்லாம வீடு செத்துக்கிடக்கு," என்றார். நான் மேசையைத் தட்டித் தாளம் போட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

உன் அண்ணன்,
ஹார்லன்


மார்லோ, ஜார்ஜியா
ஆகஸ்ட் 14, 1988

அன்புள்ள ட்வைலாவுக்கு,

இது மூன்றாவது கடிதம். இதற்கு முந்தைய இரண்டும் அவ்வளவு நன்றாக இல்லை, அதனால் பதில் போடாதது சரிதான்.

ஜார்ஜியாவைப் பற்றி நான் எழுதியதெல்லாம் உண்மை என்று சொல்ல வந்தேன். மிஸ்டர் ஸ்டப்ஸ் என்னைப் பழக் கொட்டகையில் போட்டிருக்கிறார். பீச் பழத்தின் மேல் இருக்கும் பஞ்சு, கழுத்தில் பட்டால் இரவு முழுக்க அரிக்கும். இன்னும் கையால்தான் பூச்சி விரட்டுகிறேன். கொட்டகையில் இருப்பவர்கள் என்னை 'அலபாமா' என்று கூப்பிடுகிறார்கள். அங்கே இருந்தபோது என்னை ஜார்ஜியாக்காரன் என்பார்கள். ஒரு வேடிக்கைகூடச் செய்ய முடியவில்லை. கொட்டகைக் கடிகாரத்தைத் தள்ளி வைத்தேன். மிஸ்டர் ஸ்டப்ஸ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்தார். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா நல்லபடிதான் இருக்கிறார்கள். சாப்பாடு போடும்போது சில சமயம் உன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ராத்திரி விழிப்பு வந்துவிடுகிறது. யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும், எழுந்து நடுவீட்டில் நிற்பேன். இங்கே யாரும் கூப்பிடுவதில்லை.

செப்டம்பர் முதல் வாரம் மூன்று நாள் விடுமுறை. நான் அங்கே வரட்டுமா? தங்க இல்லை. பார்க்கத்தான். அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது. திட்டுவதானாலும் எழுது.

உன் அண்ணன்,
ஹார்லன்


பெல் ஃபெரி, அலபாமா
ஆகஸ்ட் 29, 1988

ஹார்லனுக்கு,

கடிதங்கள் வந்தன.

அப்பாவிடம் முதலில் நான் உண்மையைச் சொல்லவில்லை. கோடைக்குப் பழக் கொட்டகையில் வேலை கிடைத்துப் போயிருக்கிறான், வருவான் என்றேன். தினமும் சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவார். நான் வந்த இரண்டாவது வாரம் போதகர் டிட்வெல்லிடம் போய் வீட்டு நிலைமையைச் சொன்னேன். அப்பா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அதற்கடுத்த நாள் சபைப் பெண்கள் சட்டியோடு வந்தார்கள். இப்போது முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள். வாரம் ஒரு தடவை நர்ஸ் வருகிறார். கேட்டேன், வந்தார்கள். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.

உன் ஆகஸ்ட் கடிதம் வந்த அன்று தபால்காரர் குரல் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. "யார் எழுதியிருக்கா?"

"ஹார்லன்பா."

"படி."

"முதல்லேருந்து படிக்கட்டுமா? எல்லாத்தையும் வச்சிருக்கேன்."

"பொழுது இருக்கு. படி."

பிப்ரவரியிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. கோழிக் கழுத்துக்குச் சிரித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். வாத்துக்கும் சிரித்தார். "போனுக்குப் பணம் கட்டலை, அதான் போச்சு. நல்லா கதை கட்டியிருக்கான்," என்றார். நாற்காலி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "இது நான் சொல்லலையே?" என்றார். "இல்லப்பா, அவனே எழுதினது," என்றேன். கொஞ்சம் யோசித்து, "சொல்லியிருக்கலாம்," என்றார்.

ஜூன் கடிதத்துக்கு வந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சில வரிகளை நான் தாண்டிப் போயிருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. தாண்டவில்லை. மூச்சை வாய் வழியாக இழு என்ற இடத்தையும் படித்தேன், ராத்திரி சும்மா கூப்பிடுவார் என்ற இடத்தையும் படித்தேன்.  அன்றிலிருந்து கட்டு மாற்றும்போது மின்விசிறியை என் முகத்துப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்கிறார். ராத்திரியில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். விழித்துத்தான் இருக்கிறார், எனக்குக் கேட்கிறது.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது தானாகப் பேசினார். "போறேன்னு சொல்லியிருந்தா நானே டிக்கெட் எடுத்துக் குடுத்திருப்பேனே," என்றார்.

"வரட்டுமான்னு கேட்டிருக்கான். என்னன்னு எழுதட்டும்பா?"

தட்டில் இருந்ததை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "அவன் துணிமணி ஏதாவது இங்க கிடக்கா?"

"ரெண்டு சட்டை இருக்கு. குளிருக்குப் போடற பூட்ஸ் இருக்கு."

"துவைச்சு அனுப்பிடு. பூட்ஸுக்குக் கொஞ்சம் பாலிஷ் போடு, அங்க அவங்க முன்னாடி பிரிப்பான்."

பூட்ஸை அவரே மடியில் வைத்துக்கொண்டு துடைத்தார். பாலிஷ் எங்கே பட்டிருக்கிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். முடித்ததும் என்னிடம் நீட்டி, "இது போதும்," என்றார்.

பொட்டலத்தை இன்று காலை கட்டிவிட்டேன். தனியாக வரும்.

ட்வைலா பெட்டிஸ்